உதிரிபாகத்துக்கு மட்டும்

டிசம்பரில் என் கம்ப்யூட்டர் மெஷின்
திரையில் 'ஈ ஆறு' என்று காட்டிவிட்டு நின்றது.
பதினாறு நாய்கள். அறுபத்து நான்கு பாதங்கள்.
பந்தயம் முடிவதற்குள் ஆயிரம் பாத உறை கிழியும்.
ஈ ஆறு என்றால் என்ன என்று கேட்டேன்.
ஆஸ்லோவுக்கு அனுப்பு, ஆறு வாரம் என்றார்கள்.

அதனால் பழசு ஒன்று தேடிப் புறப்பட்டேன்.
திரை இல்லாதது,
தன் நோய்க்குத் தானே பெயர் வைக்காதது.
கோட்டுப் பையில் நான்காக மடித்த நைலான்,
வார் ஒரு துண்டு, புது ஊசி, கறுப்பு நூல்,
டார்ச்.

லாக்செல்வில் முதல் வீடு.
கறுப்பு உடம்பு, கழுத்தெல்லாம் தங்கப் பூ.
சக்கரம் வெண்ணெய் மாதிரி சுற்றியது.
ஆனால் நேர்த்தையல் மட்டும்தான் வரும்.
எலாஸ்டிக் நீளும், நேர்த்தையல் நீளாது,
முதல் மேட்டிலேயே பட்டென்று விட்டுவிடும்.
காப்பி நன்றாயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது புதினா நிறம்.
இருபத்து மூன்று வகைத் தையல் என்று
பெட்டியைப் பார்த்து வாசித்தாள் ஓட்னி.
மேல்மூடியைக் கழற்றலாமா என்றேன்.
உள்ளே டார்ச் அடித்தால்
நைலான் பல்சக்கரம், அதில் மயிரிழை விரிசல்.
இன்று ஓடும். நாளையும் ஓடும்.
நாளை மறுநாள்
மலைக்கு அந்தப் பக்கம் இருப்பேன் நான்.

தானா ஆற்றங்கரையில் தூர்கெய்ரின் கொட்டகை.
மைனஸ் இருபத்தேழு.
பாசிப் பச்சையில் ஒரு இரும்புக் கட்டி,
டயர்களுக்கு நடுவே.
சக்கரம் அசைந்து கொடுக்கவில்லை.
"செத்துப்போனது. உதிரிபாகத்துக்கு எடுத்துக்கொள்,
இருநூறு குரோன்."

கையுறையைக் கழற்றிவிட்டு மெல்ல அழுத்தினேன்.
ஓரிடத்தில் முட்டி நின்றால்
உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.
சுற்று முழுக்க ஒரே முரண்டு என்றால்
அது உறைந்த எண்ணெயின் முரண்டு.
இது எங்கும் முட்டவில்லை.
எங்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

காரில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.
"பார்," என்று அவன் உள்ளே போய்விட்டான்.

முன் இருக்கையில் உட்கார்த்திப் பெல்ட் போட்டேன்.
ஹீட்டரைக் கடைசி வரை திருப்பினேன்.
பின்னாலிருந்து குரூட் தலையை நீட்டி
அதன் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
வானொலியில் மீன் விலை, பிறகு வானிலை,
பிறகு மறுபடி மீன் விலை.
முதலில் வாசனை வந்தது, பழைய எண்ணெய்.
பிறகு கால் சுற்று.
நெடுநேரம் கால் சுற்றுதான்.
பிறகு, ஒரு பெருமூச்சுக் கணக்கில்,
ஊசித்தண்டு இறங்கி
ஏறியது.

இருநூறைக் கதவிடுக்கில் செருகிவிட்டுக்
கிளம்பியிருக்கலாம்.
எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
போய்த் தட்டினேன். "இது சாகவில்லை."

காலுறையோடு ஓடிவந்து காரில் ஏறினான்.
ஒரு சுற்று சுற்றினான். இன்னொரு சுற்று.
"அப்படியென்றால் எண்ணூறு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
என்னிடம் அறுநூறுதான் இருந்தது.
நாய்களுக்கென்று ஏற்றி வந்த
உறைந்த மூஸ் கறி பத்துக் கிலோ இருந்தது.
"மனிதர்கள் தின்னலாமா?"
"நான் தின்கிறேன்."
மூட்டையைத் தூக்கிப் பார்த்தான்.
ஒரு கிலோ குறையும் என்றான்.
குறைந்திருக்கும். எடுத்துக்கொண்டான்.

வீட்டில் பாபினைத் திறந்தால்
யாரோ விட்டுப்போன மஞ்சள் நூல், பாதி.
அவிழ்த்து எறிய மனமும் வரவில்லை, நேரமும் இல்லை.
அப்படியே ஓட்டினேன். நான்கு மடிப்பும் வாரும்
எலும்பைக் கடிக்கிற சத்தத்தோடு உள்ளே போயின.
ஏழாவது உறையில் மஞ்சள் தீர்ந்து
கறுப்பு தொடங்குகிறது.

அந்த ஏழாவதை
நேற்று குரூட் கடித்துத் தின்றுவிட்டது,
துணியை.
தையலை அப்படியே முழுசாகத்
துப்பி வைத்திருக்கிறது பனியில்.